கடல் கடந்த ஒரு பிரதி

இலங்கையில் ஒரு காணி உறுதி எழுதப்படும்போது மூன்று பிரதிகள் உண்டாகின்றன. ஒன்று காணி வாங்கியவரின் கைக்குப் போகிறது. ஒன்று நொத்தாரிசின் அலுவலகத்திலேயே தங்குகிறது. மூன்றாவதை அவர் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் வகுத்த ஒழுங்கு இது.

1990இலும் 1991இலும் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறினார்கள். உறுதிகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவர்களும் உண்டு, அலுமாரியிலேயே விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. வருடங்கள் கழித்துத் திரும்பியபோது பலருடைய வீட்டில் கூரையே இல்லை, பிறகு உறுதிக்கு எங்கே போவது? ஆனாலும் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கும் வழி ஒன்று இருந்தது. அலைச்சலும் செலவும் மிகுந்த வழிதான். என்றாலும் காணி இன்னாருடையது என்று காட்ட எழுத்தில் ஒன்று கிடைத்தது.

அதே வீட்டு முன்விறாந்தையில் ஒரு கடை நடந்திருந்தால், அந்தக் கடையின் கடன் கொப்பிக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. எந்தப் பதிவகத்திலும் அதன் பிரதி கிடையாது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு கொப்பியோடு போனது.

தீவகத்தில் கடை, படகு, விடுதி, கருவாட்டு வாடி, கடலட்டைப் பண்ணை என்று சிறு தொழில் நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புயலிலும் வெள்ளத்திலும் சரக்கைக் காப்பாற்றுவது பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கணக்கைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. போன சரக்கைக் கடனுக்காவது திரும்ப எடுக்கலாம். போன கணக்கை எந்த மொத்த வியாபாரியிடமும் எடுக்க முடியாது.

மார்கழியில் தடிக்கும் கொப்பி

தீவுக் கடை ஒன்றின் சொத்தில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாது. அரிசி மூட்டையும் சீனியும் சவர்க்காரமும் தட்டில் தெரியும். ஊருக்குக் கொடுத்த கடன் கொப்பியில்தான் இருக்கும். கடற்றொழிலாளி பாடு கிடைத்ததும் தருவார். நண்டுக் கொம்பனிக்குப் போடுகிறவர் கொம்பனி காசு கொடுத்த பிறகு தருவார். ஓய்வூதியக்காரர் மாத முடிவில் தருவார். அஸ்வெசும காசு வந்ததும் தருகிறவர்களும் உண்டு. இந்த ஒழுங்கில்தான் ஊர் ஓடுகிறது.

இந்தக் கடன் வருடம் முழுவதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஐப்பசி பிறந்து வாடை பலத்துக் கடல் குழம்பத் தொடங்கினால் தொழிலுக்குப் போகும் நாட்கள் குறையும். வருமானம் குறைந்தாலும் அடுப்பு எரிய வேண்டும், எனவே கொப்பியில் பக்கம் கூடும். கார்த்திகை, மார்கழியில் கடன் உச்சத்தில் நிற்கும். வங்காள விரிகுடாவில் புயல்கள் உருவாகி எங்கள் பக்கம் வருவதும் அதே மாதங்களில்தான். 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயல் டிசம்பர் 22, 23இல் வந்தது. குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா 2008 நவம்பரில் வந்தது. புரெவி 2020 டிசம்பர் தொடக்கத்தில் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன டித்வா 2025 நவம்பர் கடைசியில் வந்தது. ஆக, கணக்கின் பெறுமதி மிகக் கூடி நிற்கும் வேளையும் ஆபத்து மிகக் கூடி நிற்கும் வேளையும் ஒன்றாகவே வருகின்றன. வேறு எதையும் செய்ய நேரமில்லாவிட்டாலும் ஒக்டோபர் பிறக்கும்போது கணக்கைக் காப்பாற்றும் வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கொப்பியைத் தவிர வேறு என்ன காப்பாற்ற வேண்டும்? கடை நாளை இல்லாமல் போனால் அதைத் திரும்பத் தொடங்க எந்தத் தாள்களைக் கேட்பார்கள் என்று யோசித்தால் பட்டியல் தானாக வரும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ், பிரதேச சபை அனுமதிப்பத்திரம், அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், காப்புறுதிப் பத்திரம், அடகுச் சீட்டு, கடன் எடுத்த ஒப்பந்தம். படகு வைத்திருப்பவருக்குப் படகுப் பதிவும் தொழில் அனுமதியும். அட்டைப் பண்ணைக்காரருக்கு நக்டா எனப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிக் கடிதம். விடுதிக்காரருக்கு வரப்போகும் ஆட்களின் முன்பதிவுக் கணக்கு. இவற்றோடு தொலைபேசி எண்களையும் சேர்க்க வேண்டும். மொத்த வியாபாரி, லொறிக்காரர், கிராம அலுவலர், வங்கிக் கிளை ஆகியோரின் எண்கள் இன்று ஒருவருக்கும் மனப்பாடம் இல்லை. கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் அவை அத்தனையும் சேர்ந்து விழும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகில் கால் வைக்கும்போது சட்டைப்பையிலிருந்து கைத்தொலைபேசி நழுவிக் கடலில் விழ, புயல் எதுவும் வரத் தேவையில்லை.

ஒரே இடம், ஒரே பிரதி

யாழ்ப்பாணத்தவருக்கு இந்தப் பாடத்தை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981 மே 31 நள்ளிரவு தாண்டி யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சில் வந்த நூல்களில் பலவற்றுக்கு உலகில் எங்கோ இன்னொரு பிரதி இருந்தது. தேடி வாங்கி மீண்டும் அடுக்க முடிந்தது. ஓலைச்சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் அப்படி இருக்கவில்லை. ஒன்றே ஒன்று இருந்தவை அன்றிரவோடு போயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத் திட்டம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆவணங்களையும் வருடி இணையத்தில் வைத்துவருகிறது. இன்று புங்குடுதீவுப் பாடசாலை மலர் ஒன்று அங்கே ஏறிவிட்டால், ஊரிலுள்ள கடைசிப் பிரதியைக் கறையான் தின்றாலும் அதை ரொறன்ரோவிலிருந்தும் படிக்கலாம்.

பெரிய நிறுவனங்களிடமும் இதே பிழை நேர்கிறது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பைக் கப்பம் கேட்கும் நச்சு மென்பொருள் ஒன்று தாக்கியது. சுமார் 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவே இல்லை. பிரதி ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது அதே வலையமைப்போடு இணைந்திருந்ததால் அதையும் அந்த மென்பொருள் பூட்டிவிட்டது. இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி அந்த மாதங்களுக்கு இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றில் ஒன்று.

தென்கொரியாவில் 2025 செப்டெம்பர் 26இல் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்தில் மின்கலங்கள் தீப்பற்றின. அரச ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அடியோடு எரிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லையாம். பணமும் தொழில்நுட்பமும் குறைவில்லாத நாடு அது. நயினாதீவுக் கடை ஒன்றின் முழு வருடக் கணக்கும் ஒரு கைத்தொலைபேசிக்குள் அடங்கும். அளவு என்ற சாக்கு எங்களுக்கு இல்லை.

தீவுக்கு வேறு இடம் எது?

தரவுப் பாதுகாப்பில் 3-2-1 என்று ஒரு விதி புழங்குகிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் தன் படங்களைக் காப்பது பற்றி எழுதும்போது பரப்பியது. மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களிலாவது இருக்க வேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசுச் சட்டத்தைப் போலவே இதுவும் பிரதிகளைப் பிரித்து வைக்கச் சொல்கிறது.

தீவில் இருப்பவர் இந்த மூன்றாவது நிபந்தனையைக் கொஞ்சம் கடுமையாக வாசிக்க வேண்டும். நெடுந்தீவில் மேற்கே கடை, கிழக்கே தமையன் வீடு என்றால் அது வேறு இடம் ஆகாது. இரண்டுக்கும் ஒரே காற்று, ஒரே வெள்ளம், ஒரே மின்பிறப்பாக்கி, ஒரே படகு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை நாட்டின் பிரதான மின்வலையோடு இணைந்தவை அல்ல. தீவிலேயே உற்பத்தியாகும் மின்சாரத்தில்தான் அவற்றின் வாழ்க்கை. டீசல் வராவிட்டால் விளக்கு மட்டுமா அணையும்? தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் சில மணி நேரத்தில் தீரும். ஆகவே ஒரு பிரதி கடல் கடந்திருக்க வேண்டும்.

எவ்வளவு தூரம்? பண்ணைப் பாலத்தால் குடாநாட்டோடு இணைந்த வேலணை, ஊர்காவற்றுறைக்காரருக்கு யாழ்ப்பாணம் பக்கம்தான். ஆனால் பெரும் புயல் என்றால் இரண்டும் ஒரே மழைக்குள் நிற்கும். 1964இன் புயல் மன்னாரையும் பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமிருந்த தனுஷ்கோடியையும் ஒரே வீச்சில் அடித்தது. யாழ் நகரில் ஒரு பிரதி இருப்பது நல்லது. வவுனியாவிலோ கொழும்பிலோ இருப்பது அதைவிட நல்லது. தீவக மக்களுக்கு இன்னொரு வசதி உண்டு. புங்குடுதீவிலும் நயினாதீவிலும் கனடா, பிரான்ஸ், சுவிஸ், இலண்டனில் உறவு இல்லாத வீடு அரிது. அந்தத் தங்கையோ மருமகனோ காசு அனுப்புகிற ஆளாக இருப்பதோடு உங்கள் கணக்கின் காவலாகவும் இருக்கலாம். உதவி செய்ய ஆசைப்பட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது நல்ல வேலை.

மேகச் சேமிப்பு, அதாவது கூகுள் டிரைவ் போன்றவை, கடல் கடந்த பிரதிதான். நல்லது, வைத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். 2022 ஜனவரி 15இல் தொங்கா நாட்டில் கடலடி எரிமலை வெடித்தபோது அந்நாட்டை உலகோடு இணைத்த கேபிள் அறுந்தது. பிரதான தீவுக்கு அது திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. வெளித்தீவுகளுக்கான கேபிளைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கும் மேலானது. அவ்வளவு நாளும் கோப்புகள் எங்கோ பத்திரமாகவே இருந்திருக்கும், ஆனால் எடுத்துப் பார்க்க வழி இல்லை. டித்வாவின்போது எங்கள் நாட்டிலும் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் நாட்கணக்கில் இல்லாமற் போயின. அந்த நாட்களில் கடை திறக்கக் கையில் ஒரு பிரதி வேண்டும். தாளில் இருந்தால் மின்கலம்கூடத் தேவையில்லை.

கொப்பி மட்டும் வைத்திருப்பவர்

கணினி இல்லாத கடைக்காரர் இது நமக்கில்லை என்று எண்ண வேண்டாம். உங்களுக்குத்தான் இது மிக இலகு. இரவில் கடை பூட்டுமுன் அன்று எழுதிய பக்கங்களைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பக்கத்தின் நான்கு மூலையும் தெரிய வேண்டும். பக்கத்தின் தலையில் திகதி எழுதியிருக்க வேண்டும். பென்சிலில் எழுதினால் படத்தில் மங்கும், பேனாவுக்கு மாறுங்கள். ஒரு பக்கத்துப் படம் 3 மெகாபைட் என்று வைத்தாலும் கூகுள் இலவசமாகத் தரும் 15 கிகாபைட்டில் 5,000 பக்கங்கள் அடங்கும்.

எடுத்த படம் கைத்தொலைபேசியிலேயே இருந்தால் அது பாதி வேலைதான். கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அந்தக் கிழமைப் படங்களைக் கூகுள் டிரைவுக்கு ஏற்றுங்கள். கடல் கடந்த உறவுக்கும் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் சாதாரணப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும், 3 எது 8 எது என்று பிறகு சண்டை வரும். பெறுகிறவர் அதை அரட்டையிலேயே விட்டுவிடாமல் தன் கணினியில் ஒரு கோப்புறையில் போட வேண்டும். செய்திகள் தானாக அழியும் அமைப்பு இருபக்கமும் அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பேச்சில் அடிபடாத ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். கடன் கொப்பி ஊரின் வறுமைக் கணக்கு. யார் வீட்டில் எந்த மாதம் அரிசிக்கும் காசில்லை என்பது அதில் இருக்கிறது. அந்தப் படங்களை எல்லோரும் திறக்கும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நம்பும் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஊர் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் நாம்.

கூகுள் கணக்கு வைத்திருப்பவர்கள் சறுக்குவது வேறு ஓரிடத்தில். கைத்தொலைபேசி கடலில் போனால் சிம் அட்டையும் அதோடு போகும். புதிய தொலைபேசியில் கணக்கைத் திறக்கப் போனால், பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறோம், அந்த இலக்கத்தை இடுங்கள் என்று அது கேட்கும். பழைய எண் எங்கே? தீவிலிருந்து யாழ்ப்பாணம் போய்ப் புது சிம் எடுக்கும்வரை கணக்கு பூட்டியே இருக்கும். இதற்காகவே இரு படிச் சரிபார்ப்பை இயக்கியவர்களுக்கு ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் பயன்படும் மாற்று இலக்கங்கள் பத்தைக் கூகுள் தருகிறது. அவற்றை இன்றே தாளில் அச்சடித்துக் காணி உறுதியோடு வையுங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை அந்த நிறுவனம் அழித்துவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். மகன் வெளிநாடு போகுமுன் திறந்து கொடுத்துவிட்டுப் போன கணக்குகள் அப்படித்தான் போகின்றன.

வட்ஸ்அப்பின் சேமிப்புக்கு நீங்களே கடவுச்சொல் போட்டிருந்தால் அதை மறந்தபின் நிறுவனத்தாலும் திறந்துதர முடியாது. அதையும் தாளில் எழுதுங்கள்.

கணினியில் பில் போடுகிறவர்

பில் போடும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதை விற்றவரிடம் ஒரு கேள்வியை இப்போதே கேட்க வேண்டும்: என்னுடைய கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது, அதை உங்கள் உதவி இல்லாமல் நானே எப்படி வெளியே எடுப்பது? சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்க முடிந்தால், மென்பொருளின் சொந்த வடிவத்தில் ஒன்றும் சாதாரண எக்செல் வடிவத்தில் இன்னொன்றும் எடுங்கள். மென்பொருள் நின்றுபோனாலும் எக்செல் எங்கும் திறக்கும்.

அதன் பிறகு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். தீவுக் கடைக்காரர் சரக்கு எடுக்க யாழ்ப்பாணம் போவது எப்படியும் நடக்கும் பயணம். போகும் நாள் காலையில் முதலாவது டிஸ்க்கில் பிரதி எடுத்துக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள உறவு வீட்டில் வையுங்கள். அங்கே இருந்த இரண்டாவதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். அடுத்த பயணத்தில் அது போகும், முதலாவது வரும். இணையம் இல்லாமலே, மாதக் கட்டணம் இல்லாமலே, சரக்குப் படகில் உங்கள் கணக்கும் கடல் கடக்கிறது. இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்த நிறுவனமும் தீவகத்துக்கு விற்கவில்லை என்பதே என் எண்ணம். படகில் போகும்போது காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மருந்துப் போத்தல்களோடு வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு மூடுங்கள். வழியில் தொலைந்தால் யாரும் படிக்காதபடி டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போடுங்கள்.

கடையில் இருக்கும் டிஸ்க்கைப் பிரதி எடுத்த கையோடு கழற்றிவிட வேண்டும். எப்போதும் கணினியில் செருகியே இருந்தால், மின்னல் கணினியை அடிக்கும்போது டிஸ்க்கையும் அடிக்கும், நச்சு மென்பொருள் கணினியைப் பூட்டும்போது டிஸ்க்கையும் பூட்டும். அரச மின்னஞ்சலுக்கு நேர்ந்ததும் இதுதான். பருவமழைக்கு முந்திய ஐப்பசி இடி மின்னலின்போது சுவிட்சை அணைப்பது போதாது, செருகியையே கழற்ற வேண்டும். இணையப் பெட்டிக்கு வரும் கம்பியையும் சேர்த்து.

தீவின் உப்புக் காற்று பென் டிரைவின் வாயைச் சில வருடங்களில் துருவேற்றிவிடும். மின்னூட்டம் இல்லாமல் நெடுநாள் மேசை இழுப்பறையில் கிடக்கும் பென் டிரைவ் தன்னில் எழுதியதைத் தானே இழக்கவும் கூடும். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக அது உதவும். ஒரே பிரதியாக அதை நம்பக்கூடாது.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்கிவிட வேண்டும். கணினிக் கோப்புறையும் கூகுள் டிரைவும் ஒன்றையொன்று பார்த்துத் தாமாக ஒத்துப்போகும்படி அமைத்திருப்பவர்கள், பிரதி தானாக நடக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே பிழையாக அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதன் பிறகு இல்லை. மாதம் ஒருமுறை அந்த மாதத்துக் கணக்கைத் தனிக் கோப்பாக, திகதியைப் பெயரில் இட்டு, வேறாக எடுத்து வையுங்கள். பிறகு அதைத் தொடவே வேண்டாம்.

எடுத்து வைத்த பிரதி திறக்குமா? இதைச் சோதிப்பவர்கள் மிகச் சிலர், எல்லாவற்றிலும் முக்கியமான வேலையும் இதுதான். வருடத்துக்கு இரண்டு முறையாவது யாழ்ப்பாணத்து டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, போன மாதக் கணக்கிலிருந்து ஒருவருடைய கடன் தொகையைத் தேடி எடுங்கள். கனடாத் தங்கையிடம், வைகாசி 10ஆம் திகதிப் பக்கத்தை அனுப்பு என்று கேளுங்கள். வந்தால் உங்களிடம் பிரதி இருக்கிறது.

எச்சரிக்கை வந்த பிறகு

வளிமண்டலவியல் திணைக்களம் புயல் எச்சரிக்கை விட்டதும் முதலில் நிற்பது படகு. ஆகவே கடலைக் கடக்க வேண்டிய எதுவும் அதற்கு முந்தியே கடந்திருக்க வேண்டும். தாழமுக்கம் என்ற சொல் வானொலியில் கேட்ட அன்றே கடைசிப் பிரதியை எடுத்து அனுப்பிவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர எண் 117. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நிலுவைத் தொகைகளை மட்டும் ஒரு தாளில், பெயரும் தொகையுமாக எழுதியோ அச்சடித்தோ, பொலித்தீன் பையில் போட்டு உங்கள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான தொலைபேசி எண்களும் அதே தாளில் இருக்கட்டும். மின்கல வங்கிகளை நிரப்பி வையுங்கள். கியூஆர் குறியீட்டிலும் அட்டையிலும் காசு வாங்கிப் பழகிய கடைகள் கையில் கொஞ்சம் சில்லறையும் தாளும் வைத்திருக்க வேண்டும், கோபுரம் நின்றால் அந்த வழி நின்றுவிடும். கணினியை நிலத்திலிருந்து தூக்கி மேசைமேல் வைத்துப் பொலித்தீனால் மூடுங்கள். தீவுகள் தட்டையானவை, வெள்ளம் வந்தால் ஓட இறக்கம் இல்லாமல் நின்றுவிடும். பிரதான மின் ஆளியை அணைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள். கணக்கு முன்கூட்டியே கடல் கடந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நேரத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போக மனம் வரும். அதுவே இந்த வேலையின் பெரிய பயன் என்று நினைக்கிறேன்.

வெள்ளம் வடிந்து திரும்பி வந்ததும் கை பரபரக்கும், கூட்டிக் கழுவத் தோன்றும். முதலில் படம் எடுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற மட்டம், நனைந்த மூட்டைகள், பழுதான குளிரூட்டி எல்லாவற்றையும். இழப்புக்கு விண்ணப்பிக்கும்போது கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் காப்புறுதிக்காரரும் கேட்பது ஆதாரத்தைத்தான். புயலுக்கு முந்திய சரக்கிருப்புப் படம் ஒன்று உங்களிடம் இருந்தால் பேச்சு இன்னும் வலுக்கும். நனைந்த கணினியையும் தொலைபேசியையும், வேலை செய்கிறதா பார்ப்போம் என்று உடனே இயக்காதீர்கள். அந்த அவசரத்தில்தான் மீட்கக்கூடிய தரவும் போகிறது. மின்கலத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, உலரவிட்டு, தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

நனைந்த கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க வேண்டாம், கிழியும். வெயிலில் போடவும் வேண்டாம். ஈரத் தாளில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். உடனே உலர்த்த முடியாவிட்டால் பொலித்தீனில் சுற்றி உறைகுளிர்ப் பெட்டியில் வையுங்கள். உலகின் பெரிய ஆவணக் காப்பகங்களும் வெள்ளத்தில் நனைந்த நூல்களை இப்படித்தான் உறைய வைத்து அவகாசம் எடுத்துக்கொள்கின்றன. தீவில் மின்சாரம் ஓடினால், நண்டும் மீனும் உறைய வைக்கும் பெட்டி யாரிடமாவது இருக்கும். கெஞ்சிக் கேட்டாவது ஒரு மூலையை வாங்குங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, பக்கங்களுக்கிடையே மை இல்லாத வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் காற்றாட உலர்த்தலாம்.

கடைசியாக ஆட்கள் பற்றி. பல கடைகளில் கடவுச்சொல்லும் கணக்கு முறையும் டிஸ்க் இருக்கும் இடமும் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது புயல் வரலாம். புயல் வராமலே அவர் இல்லாமற் போகலாம். கணவன் கடலோடு போன பிறகு யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல் நின்ற பெண்கள் எங்கள் தீவுகளில் இருக்கிறார்கள். மனைவிக்கோ மகளுக்கோ கடையில் நிற்கும் பொடியனுக்கோ, நம்பிக்கையான ஒருவருக்கு, எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவையுங்கள். கடவுச்சொற்களை எழுதி ஒட்டிய உறையில் போட்டு, அதையும் காணி உறுதி இருக்கும் பெட்டியில் வைத்து, அவரை ஒருநாள் உட்காரவைத்துக் கணக்கின் பிரதியைத் திறந்துபார்க்கச் செய்யுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அதைத் தாளில் இன்னும் தெளிவாக எழுதுங்கள்.